ஒழுகுவது எங்கே?

பார்க்கிங் தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருப்பு வட்டம். மூணு நாளில் அது தோசைக்கல் அளவுக்கு ஆகிவிட்டது. பத்து வருடப் பழைய பெட்ரோல் கார், ஈ.எம்.ஐ. முடிந்து நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஏசி அறை, காபி மெஷின், கையில் டேப்லெட்டோடு ஒரு பையன். இருபது நிமிடத்தில் எஸ்டிமேட் வந்தது: 38,400 ரூபாய்.

"கிராங்க் ஆயில் சீல் போயிருக்கு சார். கியர்பாக்ஸ் இறக்கணும். இறக்குறதுதான் இறக்குறோம், கிளட்ச் செட்டையும் மாத்திடலாம்."

"எங்கேருந்து ஒழுகுதுன்னு பாத்தீங்களா?"

"கீழ ஈரமா இருக்கு சார்."

என் கோபமெல்லாம் இந்த ஒரு பதிலின் மேல்தான். எண்ணெய் கீழேதான் வரும், அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. தலையில் இருக்கும் டேப்பட் கவரில் கசிந்தாலும் பிளாக் வழியாக வழிந்து, ஓடும்போது அடிக்கிற காத்தில் பின்னால் பரவி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் வந்துதான் சொட்டும். ஈரம் இருக்கிற இடம் வேறு, ஓட்டை இருக்கிற இடம் வேறு. என் ஆபீஸில் ஒரு பக் வந்தால் லாக்கைக்கூடப் பார்க்காமல் "மொத்தத்தையும் திருப்பி எழுதிடலாம்" என்று சொல்கிறவனை அடுத்த மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டோம். இங்கே அவனுக்குப் பெயர் சர்வீஸ் அட்வைசர். (அந்தப் பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவனுக்கு மாசாமாசம் டார்கெட் இருக்கும்.)

உண்மையிலேயே கிராங்க் சீல் போயிருந்தால் செலவு நியாயம்தான். சீல் சில நூறு ரூபாய், அதைத் தொடுவதற்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற ஒரு நாள் உழைப்பு. அந்த உழைப்புக்குக் காசு கேட்பது கொள்ளை இல்லை. கண்டுபிடிக்காமலே கேட்பதுதான் கொள்ளை.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தமாக 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எளிதில் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. நாம் என்ன செய்தோம்? "வெளியில விட்டா வாரண்டி போயிடும்" என்ற ஒற்றை வரியை நம்பி, வாரண்டி முடிந்து ஏழு வருடமான வண்டியையும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினோம்.

அம்பத்தூரில் ஒரு ஷெட். அண்ணன் முதலில் இன்ஜினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். "ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். மூணாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் டேப்பட் கவர் ஓரத்தில் புதுசாக ஒரு கோடு. பேக்கிங் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருந்தது. அதை மாற்றி, டிரெயின் போல்ட் வாஷரையும் மாற்றி, குறைந்திருந்த ஆயிலை ஊற்றி 1,800 ரூபாய் கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆயிரத்து ஐநூறு வச்சுக்கலாமாண்ணே?"

38,400 என்றபோது என் வாயிலிருந்து வந்தது "யோசிச்சு சொல்றேன்" மட்டும்தான். கார்டைத் தேய்க்கிற இடத்தில் பேரம் பேச வெட்கம். கையில் கிரீஸ் உள்ளவரிடம் மட்டும் நமக்கு உரிமை வந்துவிடுகிறது. மெக்கானிக் ஏமாற்றுவான் என்று குரூப்பில் மீம் போடுகிற நண்பர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நமக்கு விலை பிரச்சினையே இல்லை, யார் கேட்கிறார் என்பதுதான் பிரச்சினை. கணினியில் அச்சடித்து, ஜி.எஸ்.டி. வரி தனியாகக் காட்டி, 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தால் அது விலை. வாயால் சொன்னால் அது ஆரம்ப விலை!

"குடுக்கறத குடுங்க தம்பி" என்றார் அண்ணன். 1,500 அனுப்பினேன். எட்டு மாசமாகத் தரை காய்ந்து கிடக்கிறது. மீதி முந்நூறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.