இடியன் துவக்குக்குப் பெருமை எதற்கு?

“எங்கட பட்டறை வேலைக்குக் கிட்ட ஒருத்தரும் வரேலாது” என்று இடியன் துவக்கைக் கொண்டாடுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

இத்தாலியின் கார்தோனே ஊரில் 1853 என்ஃபீல்ட் இராணுவ ரைபிளின் நகலை இந்தக் காலத்திலும் செய்து விற்கிறார்கள். அதுவும் குழல் வாயால் மருந்து போட்டு இடிக்கிற துவக்குத்தான். ஆனால் ஒவ்வொரு குழலையும் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து, முத்திரை குத்தின பிறகே கடைக்கு அனுப்புவார்கள். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவருக்கே இவ்வளவு பாதுகாப்பு.

ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பன்றிக்குக் காவலிருக்கும் கமக்காரருக்கு? குழல் என்ன இரும்பென்றே தெரியாது. வெடித்தால் போவது அவரின்ர கண்ணும் கையும். அதையே கட்டுத்துவக்காக வைத்தால், வருவது பன்றியா, விறகுக்குப் போன மனுசரா என்று அது பார்க்காது. காயப்பட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், பொலிஸ் வரும். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குப் பிடிக்கத் தெரியும், பயிரைக் காக்கத் தெரியாது.

கமக்காரரில் நாங்கள் பிழை சொல்லவில்லை. வேறு வழி குடுக்காதவர்களைத்தான் கேட்கிறோம்: யானைவேலி எங்கே? பயிரழிவுக்கு நட்டஈடு எங்கே? சோதித்த துவக்குக்கு ஒழுங்கான அனுமதி எங்கே? பெருமை பேசுகிற வாயால் இதையும் கேளுங்கோ.