கார் இடிபட்டால் முதல் போன் யாருக்கு: பட்டறைக்கா, இன்சூரன்ஸுக்கா?

போன ஆவணியில் எங்கள் சித்தப்பா குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணி போயிருந்தது. புடவை எடுத்த கையோடு, பக்கத்தில்தானே என்று திருமலை சமணக் கோயிலுக்கும் போனார்கள். பாறையில் செதுக்கிய சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, முன்னால் நின்ற வைக்கோல் டிராக்டர் திடீரென்று ரிவர்ஸ் எடுத்தது. டிரெய்லரில் நீட்டியிருந்த கம்பி காரின் இடது மூலையைப் பதம் பார்த்துவிட்டது. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர் எல்லாம் காலி, முன் கண்ணாடியில் விரிசல். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த பத்து நிமிஷத்தில் சித்தப்பாவுக்கு மூன்று யோசனைகள் வந்தன. "இங்கேயே பட்டறையில விடுங்க சார், மூணு நாள்ல தர்றோம்." "வேலூர்ல கம்பெனி சர்வீஸ்ல விடுங்க, வெளியே கொடுத்தா வாரன்ட்டி போயிடும்." "க்ளெய்ம் எல்லாம் வேண்டாம் மாமா, போனஸ் போயிடும்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், முதலில் செய்ய வேண்டிய வேலையை யாருமே சொல்லவில்லை.

அந்த வேலை, எந்த இடத்தில் ரிப்பேர் செய்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்வது. இடிபட்டது என்ன, எவ்வளவு என்று முடிவு செய்பவர் பட்டறைக்காரர் இல்லை, சர்வேயர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, க்ளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும். 15 நாளில் அவருடைய அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் கம்பெனியின் முடிவு. தாமதமானால் இந்தக் கெடுவைச் சொல்லியே கேட்கலாம்.

சித்தப்பா பட்டறையில் வண்டியை விட்டு, மூன்றாவது நாள்தான் கம்பெனிக்கு போன் பண்ணினார். அதற்குள் பம்பரைக் கழற்றியாச்சு. உடைந்த ஹெட்லைட் பழைய இரும்புக் கடைக்கே போயாச்சு. அதன் விலை எவ்வளவு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சம்பவ இடத்தில் இன்னும் சில விஷயங்கள். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி இரண்டு வண்டிகளையும் ஃபோட்டோ எடுங்கள். சாலையையும் சேர்த்து ஒரு வீடியோ இருந்தால் நல்லது. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108, உடனே போலீஸ். அப்படியான விபத்தில் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து காவல்துறைக்குத் தகவல் தருவது மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநரின் கடமை. "பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது பேப்பரை நீட்டினால் கையெழுத்து போடாதீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாகச் சொல்வதோ பாலிசி நிபந்தனைக்கு விரோதம். ஊர்ப் பெரியவர் நடுவில் நிற்கும்போது இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம்தான்.

பில் 35,000 என்றால் கையில் எவ்வளவு வரும்?

பலர் கோபப்படும் இடம் இது. 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றால் முழுப் பணமும் வரும் என்று நினைக்கிறோம். சாதாரண பாலிசியில் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயசுதான் கணக்கு: முதல் 6 மாதம் ஒன்றும் இல்லை, 3 முதல் 4 வயதுக்கு 25 சதவீதம், 10 வயதைத் தாண்டினால் 50. பெயின்டிங்கில் பெயின்ட்டின் விலையில் மட்டும் பாதி போகும். மொத்தமாக ஒரே தொகையாக பில் போட்டால், அதில் கால்வாசியைப் பெயின்ட் விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

நாலாவது வருஷத்தில் இருக்கும் ஒரு காருக்கு உதாரணக் கணக்கு போடுவோம், ஜி.எஸ்.டி.யை விட்டுவிடலாம். பம்பர் 4,000, ஹெட்லைட் 6,000, ஃபெண்டர் 3,000, முன் கண்ணாடி 7,000, பெயின்டிங் 10,000, லேபர் 5,000. மொத்தம் 35,000. இதில் பம்பருக்கு 2,000, ஹெட்லைட்டுக்கு 3,000, ஃபெண்டருக்கு 750, பெயின்ட்டுக்கு 1,250 கழியும். 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக, கம்பெனி தருவது 27,000, உங்கள் பாக்கெட்டில் இருந்து 8,000.

இந்தத் தேய்மானக் கழிவைத் தவிர்க்கத்தான் 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் கவர். பேச்சுவழக்கில் 'பம்பர் டு பம்பர்'. இந்தப் பெயர் நீதிமன்றம் வரை போய்க் குழப்பியது நினைவிருக்கலாம். புதிய வண்டிகளுக்கு 5 வருஷம் 'பம்பர் டு பம்பர்' கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்களைக் கம்பெனிகள் எடுத்துச் சொன்ன பிறகு, செப்டம்பரில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அது கட்டாயம் இல்லை. உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

போனஸ் போகுமே, க்ளெய்ம் பண்ணலாமா?

க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, என்.சி.பி., 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே க்ளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கும். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 12,000 என்றும், நீங்கள் 50 சதவீதப் படியில் இருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது கட்டுவது 6,000. க்ளெய்முக்குப் பிறகு 12,000, அப்புறம் 9,600, 9,000, 7,800, 6,600 என்று போய்த்தான் மறுபடி 6,000-க்கு வரும். கூடுதலாகப் போவது மொத்தம் 15,000. வண்டி பழசாக ஆக அடிப்படைப் பிரீமியம் குறையும், அதனால் நிஜத்தில் இது கொஞ்சம் கம்மியாக இருக்கும்.

ஆக, 27,000 வரும் என்றால் க்ளெய்ம் பண்ணுங்கள். பார்க்கிங்கில் பம்பர் உரசி 6,000 செலவு என்றால் கையில் இருந்து கட்டிவிட்டுப் போவதுதான் லாபம்.

பட்டறையா, கம்பெனி சர்வீஸா?

தேர்வு உங்களுடையதுதான். கம்பெனியின் நெட்வொர்க்கில் இருக்கும் இடம் என்றால் கேஷ்லெஸ்: உங்கள் பங்கை மட்டும் கட்டி வண்டியை எடுக்கலாம். வெளிப் பட்டறை என்றால் முழுசும் கட்டிவிட்டு, பில் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும்.

வாரன்ட்டி பயத்துக்கு ஒரு பதில் உண்டு. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த ரிப்பேரின் கோளாறால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது தனிக்கதை. சர்வீஸ் அட்வைசர் "போயிடும் சார்" என்றால், "எந்தப் பாகத்துக்கு? எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள்.

என் பார்வையில் கோடு இங்கே: ஏர்பேக் வெடித்திருந்தாலோ, சேஸிஸ் வளைந்திருந்தாலோ, பம்பருக்குள் சென்சார், ரேடார் இருந்தாலோ 40 கிலோமீட்டர் டோ பண்ணியாவது கம்பெனி சர்வீஸுக்குப் போங்கள். வெளித் தகடும் பெயின்ட்டும் மட்டும்தான் என்றால் நல்ல டிங்கர் இருக்கும் உள்ளூர்ப் பட்டறை போதும், சில சமயம் அதுதான் மேல். ஷோரூமில் புதுக் கதவு மாற்றச் சொல்லும் இடத்தில், கைத்திறன் உள்ளவர் ஒடுக்கு எடுத்தே தந்துவிடுவார்.

பட்டறையில் விடுவதற்கு முன் முறையான பில் கிடைக்குமா, பெயின்ட் பூத் இருக்கிறதா, ஒரிஜினல் பாகமா என்று கேளுங்கள். வண்டியை வாங்கும்போது வெயிலில் நிறுத்திக் கலரைப் பாருங்கள், சாயங்கால வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கலர்தான். பிரிட்ஜ் மேக்னட்டை மெல்லிய துணியில் சுற்றி இரும்புத் தகட்டில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

க்ளெய்மை மறுத்தால்? முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் அலுவலகம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆனால், சொந்தப் பயன்பாட்டு கார் வாடகைக்கு ஓடும்போது விபத்து என்றால் அங்கேயும் ஜெயிப்பது கஷ்டம். முகூர்த்த சீசனில் 'ஓன் போர்டு' வண்டியில் சவாரி அடிப்பவர்கள் கவனிக்க.

சித்தப்பாவின் பில்லும் கிட்டத்தட்ட மேலே போட்ட கணக்கு மாதிரியேதான் வந்தது. சர்வேயர் வந்து முதலில் கேட்டது, "பழைய ஹெட்லைட் எங்கே சார்?" இல்லாத பாகத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு வந்திருக்க வேண்டிய 3,000 ரூபாய் போச்சு. பட்டறைப் பையன் அதை இரும்புக் கடையில் 40 ரூபாய்க்குப் போட்டிருந்தான்.