திறமை விளையாட்டுன்னா பரவாயில்லையா?

"ரம்மி திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்ல"ன்னு இன்னமும் வாதாடுறாங்க.

காலேஜ் டைம்ல ஹாஸ்டல் பக்கத்து பார்லர்ல காசு வெச்சு பூல் ஆடியிருக்கேன். அங்க ஒரு மெக்கானிக் அண்ணன். முதல் ரெண்டு கேம் நமக்கு விட்டுக்கொடுப்பார். 50 ரூபாய் பந்தயம் 200 ஆனதும், ஒவ்வொரு அடிக்கும் வெள்ளைப் பந்து அவருக்குத் தோதான இடத்துலதான் வந்து நிக்கும். நம்ம டர்ன் வரவே வராது.

லாட்டரில கத்துக்குட்டிக்கும் எப்பவாவது விழும். திறமை ஆட்டத்துல அந்த வாய்ப்பும் கம்மி. பார்லர்லயாவது பர்ஸ் காலியானா ஆட்டம் முடிஞ்சுது (அண்ணனே டீ சொல்லுவார்). மொபைல்ல எதிராளி முகமே தெரியாது, கடன் ஆப் வேற பக்கத்துலயே இருக்கு. அப்படித் தோத்து, விஷம் குடிச்சு கேஷுவாலிட்டிக்கு வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

2025 மத்திய சட்டம் திறமையா அதிர்ஷ்டமான்னு பிரிக்காம, காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்தையும் தடை செஞ்சது சரிதான்.