தள்ளுபடியும் திரையின் உயரமும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் கணினி விளம்பரங்களில் ஒரு சொற்றொடர் தவறாமல் வந்து அமர்ந்துகொள்கிறது: 'வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே கருவி.' திரையைப் பின்புறமாக முழுவதும் மடக்கிச் சிலேட்டுப் பலகைபோல் ஆக்கிக்கொள்ளக்கூடிய மடிக்கணினிகளை, கன்வெர்ட்டிபிள் என்ற பெயரில், நாற்பது விழுக்காடு தள்ளுபடி என்ற ஆரவாரத்துடன் விற்கையில் இச்சொற்றொடர் சற்றுக் கூடுதலாகவே உரிமை கொண்டாடுகிறது. அக்கருவியின்மீது எங்களுக்குப் பகை ஏதும் இல்லை. வாசிப்பவர்களுக்கு அதைவிட ஏற்ற மடிக்கணினி வேறில்லை என்றே சொல்வோம். எங்கள் பூசல் அந்தச் சொற்றொடரோடும் அந்த விழுக்காட்டோடும்தான்.

விற்பனையாளரின் அகராதியில் பொழுதுபோக்கு என்றால் திரைப்படம், கிரிக்கெட், கணினி விளையாட்டு. நாவல் படிப்பது அதில் சேர்த்தியில்லை. வேலை என்றாலோ கணக்கு அட்டவணைகளும் காணொளிக் கூட்டங்களும். நண்பரின் சிறுகதைக்கு மெய்ப்புப் பார்ப்பதும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ ஈழத்தவரின் 'நூலகம்' தளத்திலோ மின்வருடப்பட்ட பழைய இதழொன்றைப் புரட்டுவதும் இவ்விரண்டில் எதில் அடங்கும்? நம்மில் எவரும் பதில் சொல்ல மாட்டோம். இது வெறும் சொற்சண்டையன்று. திரையின் வடிவமே இந்த அகராதியைப் பார்த்துத்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

16:9 என்பது அகலத்திரைத் தொலைக்காட்சியின் விகிதம். 14 அங்குலத் திரையில் அது ஏறத்தாழ 31 செ.மீ. அகலமும் 17.4 செ.மீ. உயரமும் தரும். தமிழில் பெருவழக்காக உள்ள டெம்மி அளவு நூலின் பக்கமோ 21.6 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம். ஆகவே, அப்படியொரு நூலின் முழுப்பக்கத்தை இந்தத் திரையில் கொண்டுவந்தால் அது ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்குகிறது. மேலும் கீழும் உள்ள பட்டைகள் விழுங்குவது போக இன்னும் குறைவு. இரு பக்கமும் வெற்று இடம் காய்ந்துகிடக்க, நடுவில் எறும்பு ஊர்வதுபோல் எழுத்துகள். பக்கத்தைப் பெரிதாக்கினால் பாதிப் பத்தியிலேயே கீழே உருட்ட வேண்டும். மின்வருடிய நூல்களைக் கணினியில் படிக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் பெரும்பாலும் தம் கண்ணைக் குறை சொல்கிறார்கள். குறை கண்ணில் மட்டுமில்லை.

கன்வெர்ட்டிபிளின் அருமை இங்கேதான். 16:10 விகிதத் திரை உள்ள ஒன்றை மடக்கி நெடுக்காகத் திருப்பினால் 18.8 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கிடைக்கும், அதே டெம்மி பக்கம் அச்சில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவே தெரியும். 3:2 விகிதம் இன்னும் உவப்பானது. அத்தகைய கருவிகள் தள்ளுபடியில் அகப்படுவதுதான் அரிது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஒன்றரைக் கிலோ எடையுள்ள இதைப் படுத்துக்கொண்டு ஒரு கையில் ஏந்திப் படிக்கலாம் என்று விளம்பரப் பெண்மணி சிரித்துக் காட்டுவதை நம்பாதீர்கள். மேசையிலோ தலையணையிலோ சாய்த்து வைக்கலாம், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும், 'எழுதுகிறவனுக்கு எதற்கய்யா இந்த ஆடம்பரம், பழைய கணினி போதாதா?' என்று ஒரு குரல் எழும். எளிமையை ஓர் இலக்கியத் தகுதியாகவே சூடிக்கொண்டிருக்கும் குரல் அது. மெய்ப்புப் பார்க்கிறவர் நாளெல்லாம் திரையை உற்றுநோக்குகிறார். அவருக்கு முழுப்பக்கம் தெரிவது ஆடம்பரமா? தவிர, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. மலிவு விலையில் வரும் புதுப்பிக்கப்பட்ட பழைய கருவிகளில் இதைப் பார்க்காமல் வாங்குகிறவர் எளிமையை அன்று, தலைவலியை வாங்குகிறார்.

இனி அந்த விழுக்காடு. 89,990 ரூபாய் என்று அச்சிட்டு, அதன்மேல் கோடு கிழித்து, 54,990 என்று எழுதினால் 39 விழுக்காடு தள்ளுபடி ஆகிவிடுகிறது. கோடு கிழிக்கப்பட்ட விலைக்கு அதை என்றேனும் எவரேனும் வாங்கினார்களா என்று கேட்பாரில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி உண்டு: விலைக்குறைப்பை அறிவிக்கும் வணிகர், பொதுவாக, அதற்கு முந்தைய 30 நாள்களில் தாம் விற்ற மிகக் குறைந்த விலையையே முன்விலையாகக் காட்ட வேண்டும். இதே விதி இங்கு வந்தால் நம் திருவிழா விற்பனைகளில் எத்தனை விழுக்காடுகள் உயிரோடு மிஞ்சும்? 'வட்டியில்லாத் தவணை' என்பதும் இதே குலம்தான். சுழி வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. சொல்லி என்ன, பெயரை மாற்றிக்கொண்டு அது நன்றாகவே வாழ்கிறது.

கோடு கிழித்த விலையைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதைப் போடுவதில்லை. கன்வெர்ட்டிபிள்களில் பெரும்பாலும் அப்படித்தான். இன்று 8 ஜி.பி. போதும் என்று வாங்கினால் ஐந்தாண்டுக்கும் அதே 8தான். பிறகு கூட்ட வழியில்லை. ஆகையால் 16 ஜி.பி. உள்ளதையே கேளுங்கள், தள்ளுபடி பத்து விழுக்காடே ஆனாலும். பேனா பெட்டிக்குள் வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா, எந்த வகைப் பேனா அந்தத் திரைக்கு ஒத்துவரும் என்பதையும் கேட்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொன்றின் திரையில் எழுத மறுப்பது இத்துறையின் பழைய வழக்கம். பி.டி.எஃப். பக்கத்தின் ஓரத்தில் கையால் திருத்தக்குறி போட முடியாவிட்டால், மடங்கும் கீலுக்காக நாம் கொடுத்த பணத்தில் பாதி வீண்.

முடிந்தால் கடைக்கு நேரில் செல்லுங்கள். பென்டிரைவில் ஒரு மின்வருடிய நூலை எடுத்துச்சென்று, திரையை நெடுக்காகத் திருப்பித் திறந்து பாருங்கள். கண்ணாடித் திரையில் கடையின் விளக்கு எவ்வளவு பளபளக்கிறது என்று கவனியுங்கள். விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99ஐத் தேர்ந்துகொண்டு நின்றபடியே ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள். கடைப் பையன் படம் ஓட்டிக் காட்டத் துடிப்பான். ஓட்டட்டும், அதையும் பார்த்துவிட்டு மறுபடி நூலைத் திறக்கச் சொல்லுங்கள்.