பொருளறிந்து ஆணையிடுதல்

காவிரி நீர் கல்லணையைக் கடந்து, பல ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, இறுதியில் வந்து சேரும் கடைமடைப் பகுதிகளுள் ஒன்று காரைக்கால். அரசலாறு இங்கேதான் கடலோடு கலக்கிறது. மேலே மதகைத் திறந்தால் இங்கே வயல் நனையும். அடைத்தால் பயிர் வாடும். பிறர் விட்டதைப் பெற்று வாழும் இந்நிலையைக் கடைமடை உழவர் நன்கு அறிவர். நீரில் கடைமடையாய் இருப்பது நிலத்தின் அமைப்பு. அதை நாம் மாற்ற இயலாது. ஆனால், அறிவிலும் நாம் கடைமடையிலேயே இருந்துவிடலாமா?

இன்று கணிப்பொறி இல்லாத அலுவலகம் இல்லை. கைப்பேசி இல்லாத வீடு அரிது. திரையில் தோன்றும் படத்தைத் தொடுகிறோம், வேலை நடக்கிறது. ஆயினும், எந்தெந்த வேலையைச் செய்யலாம் என்பதை வேறொருவர் முன்னரே முடிவு செய்து, அதற்கேற்ற படங்களை அமைத்து வைத்திருக்கிறார். அவர் அமைத்தவற்றுள் ஒன்றைச் சுட்டுவதே நம் பங்கு. மொழி தெரியாத ஊரில், கடையில் உள்ள பொருளை விரலால் சுட்டிக்காட்டி வாங்குபவனைப் போன்றவர்கள் நாம். மொழி தெரிந்தவனோ, தனக்கு வேண்டியது எது, எவ்வளவு, எப்படி என்று எடுத்துச் சொல்கிறான். கணிப்பொறிக்கு வேண்டியதை இவ்வாறு எழுத்தால் எடுத்துச் சொல்லும் முறையே கட்டளை வரி எனப்படும். மென்பொருள் ஆக்குவோர் பலர் நாள்தோறும் கையாளும் முறை இது.

இதனால் விளையும் பயன் யாது? புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஒரே நிலப்பரப்பன்று. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையில் உள்ளன. ஏனாம் ஆந்திரத்தை ஒட்டியும், மாகி கேரளக் கரையிலும் உள்ளன. இந்நான்கு ஊர்களிலும் உள்ள நூறு கணிப்பொறிகளில் ஒரே மாற்றத்தைச் செய்ய வேண்டும் எனக் கொள்வோம். படத்தைத் தொட்டுத் தொட்டுச் செய்பவர் அவ்வேலையை நூறு முறை செய்ய வேண்டும். ஐம்பதாவது முறையில் கை தவறவும் கூடும். கட்டளையை எழுதத் தெரிந்தவரோ, ஒருமுறை எழுதி, அதனை நூறு பொறிகளுக்கும் அனுப்புகிறார். எழுதியது ஏட்டில் நிற்கிறது. அடுத்த ஆண்டு அதே பணிக்கு வருபவர் அதனைப் படித்துப் பார்க்கலாம். பிழை இருப்பின் திருத்தலாம். தொட்ட விரலின் சுவடு மறைந்துவிடும். எழுதிய சொல் நிலைத்து நிற்கும்.

ஒரு கட்டளையின் விளைவை மற்றொரு கட்டளைக்கு அனுப்பும் வழியும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டில் தோன்றிய யூனிக்ஸ் என்னும் அமைப்பில், டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் கூறிய கருத்தை ஏற்று, கென் தாம்சன் 1973ஆம் ஆண்டில் இவ்வழியை அமைத்தார். அதற்குக் குழாய் என்றே பெயர் வைத்தனர். ஒரு மதகின் வழியே வந்த நீர் அடுத்த மதகுக்குச் செல்வது போல, ஒரு கட்டளை தந்த செய்தி அடுத்த கட்டளைக்குச் செல்லும். ஆனால், அக்குழாயில் ஓடியவை எழுத்துகள் மட்டுமே. எழுத்தை எல்லாக் கருவியும் படிக்கும். அது பெரிய நன்மையே. எனினும், அதில் ஒரு குறையும் உண்டு. 9, 10, 100 என்பவற்றை எண்களாகக் கொள்ளாமல் வெறும் எழுத்துகளாகக் கொண்டு வரிசைப்படுத்தினால் 10, 100, 9 என்றே வரும். 05-06 என்பது சூன் ஐந்தா, மே ஆறா என்பதும் எழுத்தைப் பார்த்த அளவில் விளங்காது. வடிவம் வந்து சேர்கிறது. பொருள் வழியிலேயே தொலைந்து போகிறது.

இக்குறையை நீக்க முயன்றவர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெப்ரி சுனோவர். யூனிக்ஸின் கருவிகளை விண்டோஸ் அமைப்பிற்குக் கொண்டுவந்து பார்த்தபோது, அவை அங்கே போதிய பயன் தரவில்லை. யூனிக்ஸில் பெரும்பாலானவை எழுத்துக் கோப்புகளாக இருந்தன. விண்டோஸிலோ அவை கட்டமைந்த பொருள்களாக இருந்தன. எனவே, குழாயில் எழுத்துக்கு மாறாகப் பொருள்களையே அனுப்பலாம் என்னும் கருத்தை 2002ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையாக எழுதினார். அக்கருத்தே 2006ஆம் ஆண்டு நவம்பரில் பவர்ஷெல் என்னும் கட்டளை மொழியாக வெளிவந்தது. இம்முயற்சியில் ஈடுபட்டமையால் தம் பதவி தாழ்த்தப்பட்டது என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 2016ஆம் ஆண்டில் அம்மொழியின் மூல நிரல் எவரும் படிக்குமாறு திறந்துவிடப்பட்டது.

பொருள்களை அனுப்புதல் என்றால் என்ன? தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் எனப் பெயர்ச்சொல் அறுவகைப்படும் என்று நாம் இலக்கணத்தில் கற்கிறோம். ஒரு கோப்பினைப் பொருளாகக் கொண்டால், அதன் அளவும் அது பிறந்த நாளும் அதன் பண்புகள். படியெடுத்தலும் அழித்தலும் அதற்குரிய தொழில்கள். பவர்ஷெல்லில் கோப்பு தன் பண்புகளையும் தொழில்களையும் உடன்கொண்டே குழாயில் செல்கிறது. ஆதலின், அளவு எண்ணாகவே இருக்கிறது. நாள் நாளாகவே இருக்கிறது. கட்டளைத் தொடரின் அமைப்பும் நம் மொழிக்கு அயலன்று. ‘கோப்புகளை எடுத்து, பெரியவற்றைத் தெரிந்து, நாள்வாரியாக அடுக்கிக் காட்டு’ என்று வினையெச்சங்களை அடுக்கி இறுதியில் முற்று வைப்பது தமிழின் இயல்பு. குழாயில் தொடுத்த கட்டளைகளும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன.

இம்மொழியின் கட்டளைகள் நீளமானவை என்றும், சிறு வேலைக்குப் பெருங்கருவி என்றும் சிலர் குறை கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. எழுத்துக் கோப்பில் ஒரு சொல்லைத் தேட யூனிக்ஸின் சிறிய கருவியே போதும். ஆனால், ஒரு கட்டளை எழுதப்படுவது ஒருமுறை, படிக்கப்படுவது பலமுறை. வினை, பெயர் என்னும் இரண்டு சொற்களால் ஒவ்வொரு கட்டளையும் அமைவதால், முன்பின் அறியாதவரும் அதன் கருத்தை ஒருவாறு உணரலாம். எழுதுவோர்க்குச் சிறிது உழைப்பு. படிப்போர்க்கு நெடுங்காலத் தெளிவு. இவற்றுள் நாம் பின்னதையே விரும்ப வேண்டும்.

மாணவர்களே! ஆணையிடும் ஆற்றல் பெற்றவர்க்குப் பொறுப்பும் பெரிது. கணிப்பொறி நம் உள்ளத்தை அறியாது; சொல்லை மட்டுமே அறியும். பழைய கோப்புகளை அழிக்க எண்ணி, ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால், வேண்டிய கோப்புகளும் அழிந்து போகலாம். திரையில் அழித்தவை குப்பைத் தொட்டியிலேனும் கிடக்கும். கட்டளையால் அழித்தவை அங்கும் கிடைப்பதில்லை. இதற்காகவே பவர்ஷெல்லில் இரண்டு வழிகள் உள்ளன. கெட்-மெம்பர் என்னும் கட்டளை, ஒரு பொருளுக்குரிய பண்புகள் யாவை, தொழில்கள் யாவை என்று காட்டும். அழித்தல் முதலிய கட்டளைகளோடு வாட்-இஃப் என்னும் குறிப்பைச் சேர்த்தால், அப்பொறி எதையும் செய்யாமல், செய்திருந்தால் என்ன நேரும் என்பதை மட்டும் சொல்லும். முதலில் பொருளின் இயல்பை அறிதல், பிறகு விளைவை எண்ணுதல், அதன் பின்னரே ஆணையிடுதல் என்னும் இவ்வொழுங்கு கணிப்பொறிக்கு மட்டுமன்றி, மனிதரை ஆள்வோர்க்கும் பொருந்தும் அன்றோ?

காரைக்காலில் கற்பதற்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இம்மாவட்டத்துத் திருவேட்டக்குடியில் இயங்குகிறது. கணிப்பொறி இயலும் அங்கே பயிற்றுவிக்கப்படுகிறது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் ‘எழில்’ என்னும் மொழியை முத்தையா அண்ணாமலை ஆக்கித் தந்துள்ளார். தமிழன் நிரல் மொழியை ஆக்கவும் வல்லவன் என்பதற்கு அது சான்று. பவர்ஷெல்லைப் பொருள் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பள்ளியில் உள்ள பழைய கணிப்பொறி ஒன்றே தொடங்குவதற்குப் போதுமானது. வேண்டுவது சிறிது பொறுமையும், பிழைக்கு அஞ்சாத உள்ளமுமே.

மேலிருந்து வரும் நீருக்காகக் காத்திருப்பது கடைமடை உழவர்க்குத் தவிர்க்க இயலாதது. அறிவுக்கு அத்தகைய மதகு இல்லை. பிறர் அமைத்த படங்களைத் தொட்டுக்கொண்டே இருப்பவர் என்றும் பிறர் கருவியைக் கையாள்பவராகவே இருப்பர். பொருளறிந்து, விளைவு எண்ணி, தம் சொல்லால் பொறியை இயக்கக் கற்றவரே அக்கருவிக்கு உரியவர் ஆவர்.