வெள்ளிக் காசு, வெள்ளந்தி மனசு

தன்தேரஸ் நெருங்கிவிட்டால் கொல்கத்தாவின் பௌ பஜாரில் நடக்க இடம் இருக்காது. தீபாவளிக்கு முன்னதாக வரும் அந்தத் திரயோதசியன்று உலோகம் வாங்கினால் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்பது வட இந்திய நம்பிக்கை. பவுன் வாங்க வசதியில்லாதவர்கள் வெள்ளிக் காசோடு திருப்தியடைகிறார்கள். லட்சுமியும் கணேசரும் பொறித்த புதுக் காசு ஒரு ரகம். விக்டோரியா மகாராணியின் தலை போட்ட பழைய ரூபாய் இன்னொரு ரகம். 'அந்தக் காலத்து வெள்ளி சுத்தம்' என்று பாட்டிகள் சொல்லி வைத்திருப்பதால் இரண்டாவது ரகத்துக்குத் தனி மவுசு. மவுசு இருக்கிற இடத்துக்குப் போலியும் வந்து சேர்ந்துவிடுகிறது.

கணக்கு சுலபமானது. பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் சுத்த வெள்ளி 12இல் 11 பங்கு, அதாவது ஏறத்தாழ 10.7 கிராம். 2025 தீபாவளிக்கு முன்பு வெள்ளி விலை கிலோ ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கே பார்த்தாலும் ஒரு காசில் சுமார் 1,600 ரூபாய் பெறுமான வெள்ளி இருக்கிறது. அதை ஒருவர் 400 ரூபாய்க்குத் தருகிறேன் என்றால் அவர் தருமப் பிரபுவாக இருக்க வேண்டும். அல்லது காசில் வெள்ளி இல்லாமல் இருக்க வேண்டும்.

இதை யாரும் யோசிக்காமல் இருக்கத்தான் கூடவே ஒரு கதையும் வருகிறது. கதை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளியூர்க் கூலித் தொழிலாளி போலத் தோன்றும் ஒருவர் துண்டு முடிச்சோடு வருவார். அஸ்திவாரம் தோண்டும்போது பானை நிறையக் காசு கிடைத்தது, வெளியே தெரிந்தால் மேஸ்திரி பிடுங்கிக்கொள்வார், மகளுக்குக் கல்யாணம், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டும் என்பார். நம்பிக்கை இல்லையா? ஒரு காசை எடுத்துப் போய்த் தட்டானிடம் காட்டிவிட்டு வரச் சொல்வார். தட்டான் உரசிப் பார்த்துவிட்டு 'அசல்' என்பார். அவர் சொல்வது உண்மைதான். அந்த ஒரு காசு மட்டும் அசல். மறுநாள் பணத்தைக் கொடுத்து வாங்கும் முடிச்சில் இருப்பவை வேறு. கர்நாடகத்தில் இதே நாடகம் தங்கக் காசை வைத்து நடக்கிறது. தமிழ்நாட்டில் இரிடியம் கலசம் என்றும் அரிசியை இழுக்கும் செம்பு என்றும் வேஷம் மாறுகிறது.

இந்தக் கதையில் வேடிக்கை என்னவென்றால், அது உண்மையாகவே இருந்தாலும் வாங்குபவருக்கு நஷ்டம்தான். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்து விற்கப்படும் புதையலை வாங்குபவருக்கு அது சொத்தாகாது, வழக்குதான் ஆகும். கதை பொய்யென்றால் பணம் போகும், மெய்யென்றால் நிம்மதி போகும். ஏமாந்தவர்களில் பலர் போலீஸ் பக்கமே போகாததற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். மோசடிக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

இவ்வளவும் நடப்பது நாணயத்தை நம்பகமாக்கிய அதே ஊரில். ஹூக்ளிக் கரையோரம் ஸ்டிராண்ட் சாலையில், கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் முகப்போடு பழைய வெள்ளி நாணயச்சாலை நிற்கிறது. 1829 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிய அது 1952 வரை காசு அடித்தது. அந்த ஆண்டு மார்ச் 19ஆம் தேதி அன்றைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அலிப்பூரில் புதிய நாணயச்சாலையைத் திறந்துவைத்தார். பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்புக்குச் சம்பளம் கொடுத்ததும் கல்கத்தா நாணயச்சாலைதான். உலோகத்தின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரி அவர். ஊருக்கு ஊர் வெவ்வேறு ரூபாய் புழங்கி, ஒவ்வொன்றுக்கும் சராப் ஒரு வட்டம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெய்ன், சரியாக ஒரு தோலா. அதனால்தான் தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடையில் ரூபாயே எடைக்கல் ஆயிற்று. 'ஒரு ரூபாய் எடை சுக்கு' என்று கேட்டால் போதும்.

காசைச் சோதிப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு வரும் 'வண்ணக்கன்' என்ற சொல்லுக்கு நாணயம் சோதிப்பவர் என்று பொருள். 'நோட்டம் பார்ப்பது' என்று இன்று சாதாரணமாகச் சொல்வதும் முதலில் காசின் தரம் பார்ப்பதைக் குறித்ததுதான். அந்த நோட்டத்தைச் சாமானியரும் நான்கு படிகளில் பார்த்துவிடலாம்.

முதல் படிக்குக் கண் போதும். ராஜா ராணி தலை போட்ட கம்பெனி ரூபாயில் இரண்டே ஆண்டுகள்தான் உண்டு. நான்காம் வில்லியம் தலையோடு 1835, விக்டோரியா தலையோடு 1840. பின்னால் அடித்த காசுகளிலும் அதே ஆண்டுதான் இருந்தது. கம்பெனி ஆட்சி போன பிறகு, 1862 முதல் 'விக்டோரியா குயின்'. 1877 முதல் 'விக்டோரியா எம்ப்ரஸ்'. 1903 முதல் 1910 வரை கிரீடமில்லாத ஏழாம் எட்வர்ட். 1911இலிருந்து ஐந்தாம் ஜார்ஜ், 1938இலிருந்து ஆறாம் ஜார்ஜ். 'எம்ப்ரஸ்' என்று எழுதி 1862 என்று போட்டிருந்தால் அதற்குமேல் சோதனையே வேண்டாம். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று போட்ட காசு கம்பெனி வெளியிட்டதே அல்ல. 1616, 1717 என்ற ஆண்டுகளோடு வருவதும் அதே ஜாதி. பூஜையறையில் வைத்துக் கும்பிடலாம், நாணயம் என்று காசு கொடுத்து வாங்கக் கூடாது.

இரண்டாவது படி எடை. நகைக்கடைத் தராசில் 11.66 கிராம் காட்ட வேண்டும். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், ஆனால் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் சந்தேகம்தான். போலிக்கு அதிகம் உதவுவது ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இது வெள்ளியைவிட லேசானது. அதே அளவில் காசு செய்தால் எடை பத்து கிராமைக்கூட எட்டாது. எடையைச் சரிக்கட்டினால் தடிமன் கூடிவிடும். அப்படிப்பட்ட ஐந்து காசுகளை அடுக்கினால் ஆறு அசல் காசுகளின் உயரம் வரும்.

மூன்றாவது படி தண்ணீர். அரை மில்லி கிராம் பேதம்கூடப் பார்க்கும் கருவியெல்லாம் தேவையில்லை. இரண்டு தசம இடம் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். 11.66 கிராம் அசல் காசுக்குத் தராசு 1.13 கிராம் காட்டும், வகுத்தால் பத்தே கால், பத்தரைக்குள் விடை வரும். ஜெர்மன் சில்வருக்கு எட்டரையை ஒட்டி வரும். ஈயம் என்றால் பதினொன்றைத் தாண்டும். மேலே வெள்ளி முலாம் எவ்வளவு பளபளத்தாலும் இந்தச் சோதனை உள்ளே இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

நான்காவது படி பூதக்கண்ணாடி. நாணயச்சாலையில் அச்சால் அழுத்தி அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், விளிம்பு வரிகள் சீராக இருக்கும். வார்ப்பில் ஊற்றிய காசில் எழுத்து சோப்புக் கட்டி போல மழுங்கியிருக்கும், பொடிப் பொடிக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும். முடிச்சிலுள்ள எல்லாக் காசிலும் ராணியின் கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், எல்லாம் ஒரே அச்சில் பிறந்த பிள்ளைகள்.

பலரும் நம்பும் சில சோதனைகள் பாதி உண்மையே சொல்கின்றன. காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். ஜெர்மன் சில்வரும் ஈயமும் காந்தத்தில் ஒட்டாது. சுண்டினால் வரும் 'கணீர்' ஓசை ஈயத்தைப் பிடிக்கும், வெண்கல வகைகளைப் பிடிக்காது. நகைக்கடை எக்ஸ்ரே கருவி மேற்பரப்பைத்தான் படிக்கிறது, கனமான முலாம் அதையும் ஏமாற்றலாம். ஒரே சோதனையில் நிற்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதுதான் நோட்டம்.

அசல் காசை வைத்தும் ஏமாற்றலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். தண்ணீர்ச் சோதனையில் ஒன்பதரை வரும். 1947ஆம் ஆண்டின் புலி படம் போட்ட ரூபாயில் வெள்ளி அறவே கிடையாது, முழுக்க நிக்கல், காந்தம் பிடித்துக்கொள்ளும். இவை கள்ளக் காசு அல்ல. ஆனால் 'பழசு, ஜார்ஜ் தலை, சுத்த வெள்ளி' என்று முழு விலைக்கு விற்றால் அது மோசடிதான்.

அபூர்வக் காசு என்ற ஆசையில் விழுபவர்கள் இன்னும் அதிகம் இழக்கிறார்கள். 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, அரசு அந்தக் காசுகளில் பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1939ஆம் ஆண்டு ரூபாய் அதைவிட அரிது. கையில் 1938 காசு வைத்திருப்பவர் கடைசி எட்டை ஒன்பதாகச் செதுக்கினால் விலை பல மடங்கு ஏறுகிறது. இங்கே எடையும் தண்ணீரும் உதவாது, வெள்ளி அசல்தான். அந்த ஒரு இலக்கத்தை பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும், நாணயவியல் தெரிந்தவரிடமும் காட்ட வேண்டும். இன்டர்நெட்டில் பழைய காசை லட்சக்கணக்கில் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கி பெயரில் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் தனக்குத் தொடர்பில்லை, யாருக்கும் அதிகாரம் தரவுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் கடையில் வாங்குவதே நல்லது. பில்லில் 'வெள்ளிக் காசு' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எந்த ஆண்டு, பழையதா புது வார்ப்பா, எடை எவ்வளவு, வெள்ளி எத்தனை சதவீதம் என்று எழுதித்தரச் சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்தின் முன் பேசுவது அந்தத் தாள்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இன்டர்நெட் வழியே பணம் பறிபோனால் 1930. ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் குற்றம். நூறு வயதைத் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பக் கூடாது.

லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பமோ மாயவரத்துக் குடும்பமோ, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்த இரண்டு ரூபாய் இருந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காமல் வைத்துக்கொள்வது நல்லது. தேய்த்தால் சேகரிப்பவர் தரும் விலை போய்விடும். அடுத்த முறை யாராவது முடிச்சோடு வந்தால், பக்கத்தில் வைத்து ஒப்பிட அந்தக் காசு இருக்கும். முடிச்சிலிருந்து அவர் எடுத்துத் தரும் காசு வேண்டாம், நாமே கைவிட்டு அடியிலிருந்து ஐந்தை எடுத்துத் தராசில் போடலாம் என்று சொன்னால் போதும். பெரும்பாலும் அதற்குள் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும்.