ரோந்துக்கு எந்தக் கார் ஏற்றது?

ஓசூர் சாலையில் இரவு ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளிக்கு, சாலையோரம் ஒரு போலீஸ் ரோந்து வாகனம் நிற்பதைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். அந்த வாகனம் என்ன விலை, மணிக்கு எத்தனை மைல் வேகம் என்று அவர் கேட்பதில்லை. கூப்பிட்டால் வருமா என்பதே அவர் கேள்வி.

பெங்களூருக்குத் தெற்கே, ஆனேக்கல் தாலுகாவில் உள்ள சந்தாபுராவுக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். ஒரு பக்கம் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள். மறு பக்கம் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருந்து ஆனேக்கல் சாலை பிரிவதும் இங்கேதான். 2025 ஆகஸ்டு 11-ந் தேதி முதல் மெட்ரோ ரெயில் பொம்மசந்திரா வரை வருகிறது. ஆனால் அதற்கு அப்பால் பஸ், ஆட்டோ, இல்லாவிட்டால் நடைதான்.

2016 செப்டம்பர் 12-ந் தேதி காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு வாகனங்கள் எரிக்கப்பட்டதை இங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க முடியாது. அத்தகைய நாளில் மட்டும் அல்ல, சாதாரண இரவிலும் பாதுகாப்பு என்பது நிமிடக் கணக்கு.

15 ஆண்டு கெடு

15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு செல்லாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. கவச வண்டி போன்ற தனிவகை வாகனங்களுக்கு விலக்கு உண்டு. சாதாரண ரோந்துக் காருக்குக் கிடையாது. ஆகவே போலீஸ் துறைகள் பழைய வண்டிகளை ஒதுக்கிப் புதியவற்றை வாங்கியே தீர வேண்டும். எதை வாங்குவது?

ஒரு காலத்தில் ஜீப்பும் அம்பாசிடரும்தான் போலீசின் அடையாளம். 1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. 2000-ல் மகிந்திரா பொலிரோ வந்தது. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. பெங்களூர் நகரப் போலீசின் "ஹொய்சளா" ரோந்துப் படையில் எர்டிகா கார்கள் ஓடுகின்றன.

செலவுக் கணக்கு

வாங்கும் விலை ஒரு தடவைச் செலவு. எரிபொருள் தினசரிச் செலவு. ஒரு ரோந்து வண்டி நாளுக்கு 150 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிலோ மீட்டர் தரும் வண்டிக்கு 15 லிட்டர் வேண்டும். 15 கிலோ மீட்டர் தரும் வண்டிக்கு 10 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்றால் தினமும் 500 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 1 லட்சத்து 82 ஆயிரத்து 500 ரூபாய். பத்து வண்டிகளில் மிச்சமாகும் பணத்தில் ஆண்டுதோறும் ஒரு நல்ல காரே வாங்கிவிடலாம்.

ஆனால் கம்பெனி சொல்லும் மைலேஜை மட்டும் நம்புவதும் தவறு. ரோந்துக் கார் ஓடுவதைவிட நிற்பது அதிகம். சுழல் விளக்கு, ஒயர்லெஸ், குளிர்சாதனம் எல்லாவற்றுக்காகவும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் நெடுங்காலம் போலீசார் ஓட்டிய போர்டு கிரவுன் விக்டோரியா, பெட்ரோலைக் குடிக்கும் எட்டு சிலிண்டர் கார். அதன் உற்பத்தி 2011-ல் நின்றது. நிற்கும்போது எஞ்சின் தானே அணைந்து, பாட்டரியில் கருவிகள் இயங்கும் கலப்புவகைக் காரை அதே கம்பெனி பின்னர் போலீசுக்கென்றே தயாரித்தது.

கொல்கத்தா போலீஸ் மின்சாரக் கார்களை இறக்கியுள்ளது. நகருக்குள் சுற்றி வர அது சிக்கனம். எனினும் மூன்று ஷிப்டும் ஓடும் வண்டி சார்ஜுக்காக மணிக்கணக்கில் நின்றால், அதற்கு மாற்று வண்டி தேவை. அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சந்துக்கு எது?

சந்தாபுராவில் நெடுஞ்சாலை அகலம். ஆனால் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஹீலலிகே, இக்கலூர் பக்கத்துச் சந்துகளில் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தால் பெரிய வண்டி திரும்ப இடம் இராது. நெடுஞ்சாலைக்கு விபத்தில் சிக்கியவரையும் ஏற்றிச் செல்லும் பெரிய கார், உள்தெருக்களுக்கு மோட்டார் சைக்கிள் அல்லது சிறிய கார் என்று பிரிப்பதே புத்திசாலித்தனம். எல்லாவற்றுக்கும் ஒரே மாடல் என்பது டெண்டருக்கு வசதி, தெருவுக்கு வசதி அல்ல. உதிரி பாகமும் மெக்கானிக்கும் பக்கத்திலேயே கிடைப்பதும் முக்கியம். ஒர்க்ஷாப்பில் ஒரு வாரம் படுத்துக்கிடக்கும் கார் எவ்வளவு மலிவானாலும் நஷ்டமே.

1960-களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் இந்தச் சிக்கனத்தைச் செய்து பார்த்தார்கள். சிறிய போர்டு ஆங்கிலியா கார்களை ரோந்துக் காவலரிடம் கொடுத்தார்கள். குறைந்த ஆட்களால் அதிக இடத்தைக் கவனிக்க முடிந்தது. ஆனால் காருக்குள் உட்கார்ந்த காவலருக்குத் தெரு மக்களின் முகம் மறந்துபோனது என்ற குறையும் பின்னால் எழுந்தது.

இங்கும் அது நேரக்கூடாது. கன்னடம் சரளமாக வராத தொழிலாளி 112-ஐ அழைத்துத் தன் இடத்தைச் சொல்வதற்குள் திணறிப்போகிறார். காரில் இருந்து இறங்கி நடந்து, எந்தக் கம்பெனி எப்போது விடுகிறது, எந்தச் சந்தில் விளக்கு இல்லை என்று தெரிந்து வைத்திருக்கும் காவலர் பாதி சொன்னாலே புரிந்துகொள்வார்.

அதிகாரிகள் கார் வாங்கும்போது விலைப்பட்டியலுடன் மூன்று கேள்விகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அது சாலையில் இருக்கும்? மாதக் கடைசியிலும் அதற்கு எரிபொருள் இருக்குமா? கடைசிச் சந்து வரை அது போகுமா? மூன்றுக்கும் நல்ல பதில் தரும் கார்தான் உண்மையில் மலிவான கார்.